மாதிரிக் கையெழுத்து

சில மாதங்களுக்கு முன் ஒரு தினசரியின் வரிவிளம்பரப் பகுதியில், ஒரு கல்லூரி கூடைப்பந்துப் பயிற்சியாளர் தேவையென்று அறிவித்திருந்தது. கல்வித் தகுதிக்கு ஒரு வரி, அனுபவத்துக்கு ஒரு வரி. மூன்றாவது வரி, அகில இந்திய அளவில் அணிகளை வெற்றிபெறச் செய்தவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றது. அந்த மூன்றாவது வரியைப் பலமுறை படித்தேன். தவறு என்று விரல் வைத்துக் காட்ட அதில் ஏதுமில்லை. ஜெயிக்கத் தெரிந்தவனை ஒரு கல்லூரி தேடுவது நியாயந்தான். எப்படி ஜெயித்தாய் என்று கேட்கத்தான் அதில் இடமில்லை. வரிவிளம்பரத்தில் வார்த்தைக்கு வார்த்தை காசு என்பது வாஸ்தவம். இடமில்லாமல் போனது காசு கருதியா, அல்லது அந்தக் கேள்வியே விளம்பரம் கொடுத்தவர் மனசில் எழவில்லையா என்பதுதான் என் சந்தேகம்.

கவிதையும் விமர்சனமும் வருகிற இந்தப் பக்கங்களில் கூடைப்பந்துக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். மதிப்பீடுகள் என்ற சொல்லை நாம் இங்கே ஓயாமல் உபயோகித்து வருகிறோம். ஒரு ஸ்தாபனத்தின் மதிப்பீடுகள் அதன் ஆண்டுமலர் முன்னுரையில் இருப்பதில்லை. யாரை வேலைக்கு எடுக்கிறது, யாரை வைத்துக்கொள்கிறது, யாரை வழியனுப்பி விடுகிறது என்ற மூன்றிலும் அவை ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துவிடுகின்றன. தவிர, இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் பாக்கியிருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் பிறப்பு. 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே ஆட வழியில்லாமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒரு வகுப்புக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதை உண்டாக்கினார். இரண்டு பீச் பழக்கூடைகள், ஒரு கால்பந்து, 13 விதிகள். 1898-ல் அவர் கான்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1907 வரை அங்கே அணியைக் கவனித்துக்கொண்டார். அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் நீண்ட வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் கொண்ட ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். இந்த ஆட்டத்தை ஆடத்தான் முடியும், பயிற்றுவிக்க முடியாது என்று தன் மாணவன் ஃபாக் ஆலனிடம் அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆலன் கேட்கவில்லை. அதே கான்ஸாஸில் 590 ஆட்டங்களை ஜெயித்தார். இன்று அங்கே அரங்கம் ஆலன் பெயரில் இருக்கிறது, அதன் ஆடுதளம் நெய்ஸ்மித் பெயரில் இருக்கிறது. தோற்றவரைக் கான்ஸாஸ் விரட்டிவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1937 வரை அவர் அங்கேயே உடற்கல்விப் பேராசிரியராக இருந்தார்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி க்ரோ பக் சென்னைக்கு வந்து 1920-ல் ஆரம்பித்ததுதான் இன்று நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியோடும் அவர் போனார். கழுத்தில் விசில் தொங்க நம் பள்ளிக்கூடங்களில் நின்ற பி.டி. மாஸ்டர்களின் பரம்பரையைப் பின்னோக்கித் துருவினால் பெரும்பாலும் அந்த நந்தனத்து மைதானத்துக்குப் போய்ச் சேரலாம். ஒவ்வொரு பையனும் ஆட வேண்டும் என்பது அந்தப் பரம்பரையின் நம்பிக்கை. ஒரு சிலர் ஜெயிக்க வேண்டும் என்பது பிற்பாடு வந்து சேர்ந்தது.

வாலாஜாபேட்டையில் நான் படித்த பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் இரண்டு இரும்புக் கம்பங்கள் நின்றன. மழையில் ஊறிப்போன பலகைகள். ஒரு வளையத்துக்கு வலை கிடையாது. மண் தரையானதால் மழைக்கு மறுநாள் பந்து எழும்பாது. கிரிக்கெட்டுக்கு மட்டையும் கும்பலும் வேண்டும். இதற்கு ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும், தனியாகக்கூட ஆடிக்கொண்டிருக்கலாம். வீட்டில் காலையிலிருந்து தறிச்சத்தம். அதிலிருந்து தப்பிக்கப் புஸ்தகமும் இந்தக் கம்பமும் எனக்கு ஒரேமாதிரிதான் உதவின.

2008-ல் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே அவசியமில்லை. அங்கே பிசிகல் டைரக்டராக இருந்தவர் நந்தனத்தில் படித்தவர். காலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்தில் அவர் விசில் கேட்கும். நாற்பது பேர் வருவோம். எத்தனை நாள் யார் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பார். டீம் தேர்வுக்கு அந்த நோட்டுதான் ஆதாரம். நன்றாக ஆடுகிறவன் பத்து நாள் வராவிட்டால் வெளியேதான் உட்கார வேண்டும். என் இடது கை மோசம். 'இடது கை வரலன்னா நீ பாதி ஆளுதான்டா' என்பார். இரண்டு வருஷமும் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் முதல் சுற்றிலோ இரண்டாவது சுற்றிலோ தோற்றுத் திரும்பினோம். திரும்பும் பஸ்ஸில் அவர் தூங்கிக்கொண்டு வருவார்.

அந்தத் தூக்கத்தைப் பற்றிப் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். வெற்றி தோல்வியைச் சமமாகப் பாவிக்கும் மனநிலையா, சலிப்பா? அவர் கற்றுக்கொடுத்த ஆட்டமுறை ஒன்றேதான். எதிரணி அதை ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொண்டுவிடும். நாங்கள் மாற்றலாமா என்று கேட்டால், ஓடுங்கடா, ஓடினால் எல்லாம் வரும் என்பார். அவர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜெயிக்கும் ஆசையே இல்லாத இடத்தில் நேர்மைக்குச் சோதனையே வருவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சோதனை வந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. அவர் வேலை அரசு உதவிபெறும் பணியிடத்தில் இல்லை. நிர்வாகமே நியமித்து, நிர்வாகமே தொகுப்பூதியம் கொடுத்து, ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பிக்க வேண்டிய வேலை. வெளியிலிருந்து நான்கு நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து சேர்க்கும்படி இரண்டாம் வருஷத்து நடுவில் அவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. சேர்க்கிற விதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் மறுத்திருக்கிறார். 2010 ஏப்ரலில் நிர்வாகத்தின் முன்னால் கூப்பிடப்பட்டபோது கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை கப்பு? அவர் நோட்டை நீட்டினாராம், தினமும் நாற்பது பேர் வருகிறார்கள் என்று. இதை ஆபீஸில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார். நாங்களும் சிரித்தோம். ஜூனில் புது மாஸ்டர் வந்தார்.

புது மாஸ்டரை வில்லனாக்கிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அப்படிச் செய்ய முடியாது. அவர் நல்ல ஆசிரியர். இரண்டு வருஷத்தில் தெரிந்துகொள்ளாததை மூன்று மாதத்தில் அவரிடம் தெரிந்துகொண்டேன். எதிரியை ஆளுக்கு ஆள் துரத்தாமல் இடத்தைக் காப்பது, பந்து இல்லாதவன் எங்கே நிற்க வேண்டும் என்பது, ஒரு சகாவுக்கு வழிவிட இன்னொருவன் தன் உடம்பையே திரையாக நிறுத்துவது. தரையில் சுண்ணக்கட்டியால் கால்தடம் வரைந்து, அதன்மேல் அடியெடுத்து வைக்கச் சொல்லி, என் இடது கை லே-அப்பைச் சரிசெய்ததும் அவர்தான். வரும்போதே அவர் நான்கு பையன்களைக் கூட்டிவந்திருந்தார். மூன்று பேருக்குக் கல்லூரியில் முறைப்படி இடம் கிடைத்தது. நான்காமவனுக்குக் கிடைக்க வழியில்லை. பல்கலைக்கழகம் வைத்திருந்த வயது வரம்பை அவன் தாண்டியிருந்தான். நால்வரிலும் அவனே சிறந்த ஆட்டக்காரன்.

போட்டிக்கு அனுப்பும் தகுதிப் படிவத்தில் மாணவனின் பெயர், பதிவெண், போட்டோ, கையெழுத்து எல்லாம் வேண்டும். புது மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டீமில் பன்னிரண்டாவது ஆள் நான். களத்தில் இறங்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். அவர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: 'கப்பு வரலன்னா ஏப்ரல்ல நான் இங்க இல்ல. நான் இல்லன்னா இந்தப் பசங்களுக்கு ஹாஸ்டல் இல்ல. நீ ஒரு கையெழுத்து போட்டா போதும்.' பெயர் என்னுடையது, பதிவெண் என்னுடையது, போட்டோ அவனுடையது. கையெழுத்து என்னுடையது. யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. ஜெயிக்கும் டீமில் என் பெயர் இருக்கும் என்ற எண்ணம் எனக்கு இனித்தது என்பதே உண்மை.

2010 செப்டம்பரில் இறுதி ஆட்டம். நான் ஜனங்களோடு உட்கார்ந்திருந்தேன். டீம் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. மைக்கில் என் பெயர் வந்துகொண்டே இருந்தது. அவன் இடது கையால் போட்டான், வலது கையால் போட்டான், இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து போட்டான். 21 புள்ளிகள். என் பெயருக்குக் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் டீம் போட்டோ வந்தது. பின்வரிசையில் நிற்கிற அவன் முகத்துக்குக் கீழே என் பெயர். நைனா அதைப் பார்த்துவிட்டு, இது நீ இல்லையே என்றார். அச்சில் மாறிப்போயிருக்கும் என்றேன். அவர் மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஏப்ரலில் புது மாஸ்டரின் வேலை புதுப்பிக்கப்பட்டது. அந்த வருஷத்துச் சேர்க்கை விளம்பரத்தில் கப்பின் படம் இருந்தது.

இது ஏதோ எங்கள் ஊர்ப்பக்கத்து அற்பத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் இதே நாடகம் கோடிக்கணக்கான டாலரில் நடக்கிறது. அங்கே பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, கல்லூரிப் பயிற்சியாளருக்குத்தான். ஜான் வுடன் என்பவர் ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு 1948-ல் பயிற்சியாளராகப் போனார். முதல் தேசியப் பட்டம் வந்தது 1964-ல். 1975-ல் ஓய்வுபெறும்போது பட்டங்கள் 10. இந்தப் பத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் பட்டமில்லாமல் கழிந்த 15 பருவங்களிலும் ஒரு பல்கலைக்கழகம் அவரை வைத்துக்கொண்டிருந்தது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஏப்ரல் தோறும் எத்தனை கப்பு என்று கேட்டிருந்தால் அந்தப் பத்தும் இல்லை. அவர் கதையிலும் ஒரு நிழல் உண்டு. ஒரு பணக்கார ஆதரவாளர் ஆட்டக்காரர்களுக்குச் செய்துவந்த சகாயங்களுக்காக 1981-ல் அந்தப் பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டது. அந்த ஆதரவாளரின் நடமாட்டம் வுடன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அவருக்கு எவ்வளவு தெரியும் என்ற சர்ச்சை அவர் மறைவுக்குப் பிறகும் ஓயவில்லை.

பாபி நைட் வேறு விதம். இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு 1976, 1981, 1987 என்று மூன்று பட்டங்கள் கொண்டுவந்தவர். படிவத்தில் பொய் எழுதுகிற ஆள் இல்லை. அவரிடம் ஆடியவர்கள் பெரும்பாலும் படித்துப் பட்டமும் வாங்கினார்கள். விதிகளின்படி சுத்தமானவர். அதே மனிதர் 1985-ல் ஆட்டத்தின் நடுவே நாற்காலியைத் தூக்கிக் களத்தில் எறிந்தார். 1997-ல் பயிற்சியின்போது ஒரு மாணவனின் கழுத்தில் அவர் கை வைத்த ஒளிப்பதிவு 2000-ல் வெளியே வந்தது. அப்போதும் பல்கலைக்கழகம் முதலில் எச்சரிக்கையோடு விட்டது. அந்த வருஷம் செப்டம்பரில்தான் வேலையிலிருந்து நீக்கியது. நீக்கிய இரவு மாணவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தலைவரின் வீட்டுக்கு ஊர்வலம் போனார்கள், நைட்டுக்கு ஆதரவாக. மறு வருஷமே டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகம் அவரை எடுத்துக்கொண்டது. படிவம் சுத்தமாக இருப்பது மட்டும் நேர்மையாகிவிடுமா என்ற கேள்வியை நைட் விட்டுச் சென்றிருக்கிறார்.

லூயிவில் பல்கலைக்கழகம் ரிக் பிட்டினோவின் கீழ் 2013-ல் தேசியப் பட்டம் ஜெயித்தது. சேர்க்கைக்காக வந்துபோன பையன்களுக்கு விடுதியில் விபசார ஏற்பாடுகள் நடந்தது வெளிப்பட்டு, 2018-ல் அந்தப் பட்டம் ரத்து செய்யப்பட்டது. அரங்கின் உச்சியில் தொங்கிய கொடியை இறக்கினார்கள். அதற்கு முன்பே, 2017-ல், ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில் பணம் கைமாறியது பற்றிய மத்தியப் புலனாய்வை ஒட்டி பிட்டினோ நீக்கப்பட்டிருந்தார். இந்த இரண்டாவது விஷயத்தில் 2022-ல் ஒரு சுயேச்சையான குழு அவருக்குத் தண்டனை ஏதும் விதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குள் 2020-லேயே அயோனா என்ற சிறிய கல்லூரி அவரை எடுத்துக்கொண்டது. 2023-ல் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. எனக்கு அந்தக் கொடியை நினைத்தால் ஒரு விசித்திரமான உணர்வு. அங்கே, தரையில் வேர்வை சிந்தி ஆடிய ஆட்டம் பதிவேட்டில் இல்லை. என் விஷயத்தில், பதிவேட்டில் நான் ஆடியிருக்கிறேன், தரையில் ஆடவில்லை.

நம் இலக்கியத்தில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லில் ஜமீன்தாரின் காரிக்காளையைப் பிச்சி அணைந்துவிடுகிறான். கடைசியில் ஜமீன்தார் தன் காளையைத் தானே சுட்டுவிடுகிறார். அந்தக் கதையை மனிதனுக்கும் மிருகத்துக்கும் நடக்கும் போராட்டம் என்றே பெரும்பாலும் படிக்கிறோம். எனக்கு அது முதலாளியின் கதையாகவும் படுகிறது. காரி செய்த குற்றம் தோற்றது ஒன்றுதான். வைத்துக்கொள்வதும் சுட்டுவிடுவதும் ஒரே கௌரவத்தின் இரண்டு கைகள். ஏப்ரல் மாதத்து அந்த அறையில் துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான்.

ஜெயித்ததை ஒரு பேரேட்டிலும் அதற்குக் கொடுத்த விலையை வேறொரு பேரேட்டிலும் எழுதுவது எங்கள் வட்டாரத்துக்குப் பழகிய கணக்குதான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் சரக்கு கப்பலேறிக் கொண்டுவந்த அந்நியச் செலாவணி ஒரு பேரேட்டில் இருந்தது. பாலாறும் அதன் கரையிலிருந்த கிணறுகளும் மற்றதில். இரண்டையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்க 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. தோல் தொழில் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது, ஆனாலும் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்க அதற்கு உரிமையில்லை, கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். கப்பும் ஒருவகையில் ஏற்றுமதிப் புள்ளிவிவரம்தான். அதன் கழிவு எங்கே போய்த் தேங்குகிறது என்று பார்ப்பவரில்லை.

நேர்மையைப் பற்றி இவ்வளவு பேசுவது வயிறு நிறைந்தவனின் சொகுசு என்று ஒரு ஆட்சேபம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் போட்டியையோ கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. கோப்பைப் போட்டியையோ பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வருகிற டீம்கள் யாருடையவை என்று. இந்தியன் பாங்க், இந்தியன் ஓவர்சீஸ் பாங்க், ஐ.சி.எஃப்., ராணுவம், விமானப்படை. நம் ஊரில் கூடைப்பந்து ஒரு ஏழைப் பையனை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் படிக்கட்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, கல்லூரியிலிருந்து பல்கலைக்கழக அணி, அங்கிருந்து ஒரு பாங்கோ ரயில்வேயோ. தோற்கிற டீமில் இருக்கும் பையனை யார் கண்ணும் தேடாது. நாற்பது பேரை ஓடவைத்த பழைய மாஸ்டரால் ஒருவனுக்கும் வேலை வாங்கித்தர முடியவில்லை. புது மாஸ்டர் கொண்டுவந்தவர்களில் இரண்டு பேர் இன்று உத்யோகத்தில் இருக்கிறார்கள்.

நான்காமவன்? இந்த இடத்தில்தான் ஆட்சேபம் எனக்குத் தடுக்கி நிற்கிறது. அன்றைக்கு எல்லோரைவிடவும் நன்றாக ஆடியவன் அவன். அந்த ஆட்டம் அவன் பெயரில் இல்லை. தேர்வாளர் எவராவது ஸ்கோர் ஷீட்டைப் புரட்டியிருந்தால் என் பெயரைத்தான் குறித்துக்கொண்டிருப்பார். நான் பொய் சொன்னேன், அவன் திருட்டுக் கொடுத்தான். ஜெயித்தவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். வெற்றி வேலை வாங்கித்தரும் என்ற வாதம், வென்றவனின் பெயரையே அழித்து வாங்கிய வெற்றிக்கு எப்படிப் பொருந்தும்? அவனுக்குக் கிடைத்தது மூன்று மாதத்துச் சாப்பாடும் கொஞ்சம் பணமும். பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

நான் பார்க்கப்பட்டேன். 2013-ல் பாங்க் எழுத்தர் வேலைக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கூடைப்பந்துச் சான்றிதழில் நிறுத்தி, எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டார். கார்டு சார் என்றேன். இறுதி ஆட்டத்தில் எத்தனை புள்ளி போட்டாய் என்றார். யோசிக்கக்கூட இல்லை, 21 என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதனால்தான் வேலை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். கிடைக்கவில்லை என்று சத்தியம் செய்யவும் மாட்டேன்.

இப்போது என் உத்யோகமே கையெழுத்துப் பார்ப்பதுதான். செக்கில் உள்ளது ஒரு கையெழுத்து, பதிவில் உள்ளது மாதிரிக் கையெழுத்து. இரண்டையும் ஒப்பிட வேண்டும். போட்டோவையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிட வேண்டும். கிராமத்துப் பாட்டி ஒருத்தியின் கையெழுத்து நடுங்கிப் போய்விட்டால், மறுபடி போடுங்கம்மா என்று சொல்கிறவன் நான். சொல்லும்போது தொண்டையில் ஏதோ இடறும்.

போன வருஷம் பழைய மாஸ்டர் கவுண்டருக்கு வந்தார். நகைக்கடன் புதுப்பிக்க. தொகுப்பூதியத்தில் இருந்தவருக்குப் பென்ஷன் ஏது? என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வட்டியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

'அப்ப பேப்பர்ல உன் பேரு பாத்தேன்' என்றார். 'போட்டோவுல நீ இல்லையே.'

'இல்ல சார்.'

'தெரிஞ்சுதான?'

'தெரிஞ்சுதான் சார். கையெழுத்து நான்தான் போட்டேன்.'

ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இடது கை வந்துச்சா அப்பறம்?'

'வந்துச்சு சார். அவருதான் சொல்லிக்குடுத்தாரு.'

'நல்லா சொல்லிக்குடுப்பான் அவன். நந்தனத்துல எனக்கு ஜூனியர்' என்றார். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் என்னை மன்னித்தாரா என்பதல்ல நான் யோசிப்பது. அவர் போன பிறகு ஒன்று தெளிவாயிற்று. இரண்டு பேரும் ஒரே மைதானத்தில் படித்தவர்கள். ஒரே ஆட்டத்தை நேசித்தவர்கள். ஒரே ஏப்ரலுக்குப் பயந்தவர்கள். ஒருவர் பயத்தை மீறினார், மற்றவர் மீறவில்லை. இந்த வித்தியாசம் பெரிதுதான், அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நேர்மையா வெற்றியா என்ற கேள்வியைப் பயிற்சியாளனிடமே கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்த அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். வருஷ முடிவில் என்ன கேட்கப்படும் என்பது தெரிந்தவன் அதற்கான பதிலைத்தான் தயார் செய்வான். எத்தனை கப்பு என்ற கேள்வியோடு, தினமும் எத்தனை பேர் வந்தார்கள், ஆடியவர்களில் எத்தனை பேர் இந்தக் கல்லூரியின் வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கி வெளியேறினார்கள் என்றும் கேட்கப்பட்டிருந்தால், ஒருவரிடம் ஜெயிக்கிற ஆசையையும் மற்றவரிடம் வெட்கத்தையும் அந்தக் கல்லூரி வளர்த்திருக்க முடியும். நல்லவன் என்று தெரிந்த ஒருவன் தோற்கும்போதும் அவனை வைத்துக்கொள்ளத் துணிகிற கல்லூரிதான், வென்றவனின் வெற்றி எப்படி வந்தது என்று கேட்கும் யோக்யதையைப் பெறுகிறது. வேலை நிரந்தரமானதும் மைதானப் பக்கமே எட்டிப்பார்க்காதவர்களையும் எனக்குத் தெரியும். ஆகவே நிரந்தரம் மட்டும் மருந்தல்ல. கேள்விகள் வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகள்.

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. விற்காமல் போவதையே, தோற்பதையே, நம் தரத்துக்கு அத்தாட்சியாகக் காட்டிக்கொள்ளும் சுபாவம் சிறுபத்திரிகைக்காரர்களான நம்மிடம் இருக்கிறது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிற அந்தத் தூக்கம் நமக்கும் பழக்கமானது. பழைய மாஸ்டரை மரியாதைக்குரியவராக்கியது அவர் தோற்றது அல்ல. நான்கு பேரைக் கொண்டுவா என்றபோது முடியாது என்றாரே, அது. அந்த ஒரு நாளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது அசிரத்தைதான்.

சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடலாம் என்று எடுத்ததுண்டு. கிழித்தால் என் பொய் போகும். கூடவே, அன்றைக்கு ஒருவன் அவ்வளவு அழகாக ஆடினான் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே காகிதமும் போய்விடும். திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.